ஆறாம் நம்பர் சட்டை யாருக்கு?

2019 அக்டோபர் 26, சனிக்கிழமை. மறுநாள் தீபாவளி. அன்று மதியம் ஒன்றரை மணிக்கு, ஜப்பானில் யோகோஹாமா மைதானத்தில் ரக்பி உலகக் கோப்பையின் முதல் அரையிறுதி தொடங்கியது. நியூசிலாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஆட்டம். அதற்கு நியூசிலாந்து தன்னுடைய ஆறாம் நம்பர் சட்டையை ஸ்காட் பாரெட்டுக்குக் கொடுத்தது. அது சரியா தப்பா என்று எனக்கும் என் அத்தானுக்கும் அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அத்தான் நியூசிலாந்தில் ஹாமில்டன் நகரத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர். ரக்பியை எனக்குப் பழக்கிவிட்டவரே அவர்தான். அதனால் இந்த விஷயத்தில் என் பேச்சு எடுபடாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விட மனம் வரவில்லை. காரணம், அந்த ஒரு சட்டைக்குள் இருக்கிற கேள்வி ரக்பியோடு முடிகிற கேள்வி இல்லை.

நான் கபடி ஆடி வளர்ந்தவன். பாளையங்கோட்டையில் இருந்தாலும் சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். ஊர்ப் பையன்களுக்கு அணி சேர்க்கிற வேலை இன்றும் என் தலையில்தான் வந்து விழும். ஏழு பேரைச் சேர்ப்பதற்குள் எவ்வளவு மனத்தாங்கல், எத்தனை சிபாரிசு என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். ஒரு நாட்டின் அணியில் எட்டு ஃபார்வர்டுகளைத் தேர்ந்தெடுப்பதும் அடிப்படையில் இதே தலைவலிதான். ஆட்கள் பெரியவர்கள், ஆட்டம் பெரியது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரக்பியில் ஒரு அணிக்குப் 15 பேர். அதில் ஒன்று முதல் எட்டு வரை நம்பர் போட்டவர்கள் ஃபார்வர்டுகள். முதல் மூவர் ஸ்க்ரம்மின், அதாவது இரண்டு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்து முட்டித் தள்ளுகிற கட்டத்தின், முன்வரிசை: இரண்டு ப்ராப், நடுவில் ஹூக்கர். நான்கும் ஐந்தும் லாக், அணியிலேயே உயரமானவர்கள். ஆறும் ஏழும் ஃப்ளாங்கர். எட்டாவது ஆளுக்கு நம்பர் எட்டு என்பதே பெயர். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்தை ரத வீதியில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், பின்னால் தடி போட்டு நெம்புகிறவர்களும், திருப்பத்தில் சக்கரத்துக்கடியில் கட்டை கொடுக்கிறவர்களும் இல்லாமல் அந்தத் தேர் வீதி திரும்பாது. கட்டை கொடுக்கிறவரைக் கொண்டுபோய் வடத்தில் நிறுத்தினால் இழுக்க ஒரு ஆள் கூடும். கட்டைக்கு ஆள் இருக்காது.

யோகோஹாமாவில் நடந்தது அதுதான் என்பது என் கட்சி.

அந்த வருஷம் நியூசிலாந்தின் ஏற்பாடு வேறு மாதிரி இருந்தது. ஆறாம் இடத்தில் ஆர்டி சவேயா, ஏழாம் இடத்தில் சாம் கேன், எட்டில் அணித் தலைவர் கீரன் ரீட். சவேயா, கேன் இருவருமே தரையில் வேலை செய்கிறவர்கள். ஒருவரை டேக்கிள் செய்து கீழே தள்ளிவிட்டால், விழுந்தவர் பந்தை விட்டாக வேண்டும் என்பது விதி. அவர் விடுவதற்கும் அவருடைய ஆட்கள் வந்து அரண் கட்டுவதற்கும் நடுவில் ஒன்றிரண்டு நொடிதான் இருக்கும். அதற்குள் காலில் நின்றபடியே குனிந்து பந்தில் கைவைக்க வேண்டும். மேலே மூன்று பேர் வந்து மோதினாலும் பிடியை விடக்கூடாது. இது எல்லோருக்கும் வராது. கழுத்து, முதுகு, கணுக்கால் மூன்றும் ஒன்றுபோல உழைக்க வேண்டும். அதற்கும் முன்னால், பந்து எங்கே விழும் என்று அது விழும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். நியூசிலாந்து அப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே நேரத்தில் இறக்கியது. அக்டோபர் 19 அன்று காலிறுதியில் அயர்லாந்தை 46-14 என்று துவைத்து எடுத்தது இந்த மூவர் கூட்டணிதான்.

அடுத்த வாரமே அதைக் கலைத்தார்கள். இங்கிலாந்தின் லைன் அவுட் அப்போது பயமுறுத்துகிற மாதிரி இருந்தது. மரோ இட்டோஜே, கோர்ட்னி லாஸ் என்று இரண்டு லாக்குகள். பந்து எல்லையைத் தாண்டிப் போனால், இரண்டு அணியும் வரிசையாக நிற்க, நடுவில் வீசப்படும் பந்தை ஆளைத் தூக்கிவிட்டுப் பிடிப்பார்களே, அந்தக் கட்டத்தில் இட்டோஜே எதிராளியின் பந்தையும் பறித்துவிடுவார். அதைச் சமாளிக்கத்தான் லாக் இடத்தில் ஆடுகிற ஸ்காட் பாரெட்டை ஆறாம் இடத்துக்குக் கொண்டுவந்தார் பயிற்சியாளர் ஸ்டீவ் ஹான்சன். சவேயா ஏழுக்கு நகர்ந்தார். கேன் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்குப் போனார். உயரம் கூடியது, எடை கூடியது. கணக்கைப் பார்த்தால் பிழை சொல்ல முடியாது.

“ரெண்டு பேரும் ஒரே வேல பாக்கதுக்கு எதுக்கு மாப்ளே ரெண்டு ஆளு? ஒருத்தன எடுத்துட்டு உயரமா ஒருத்தனப் போட்டாச்சு. இதுல என்ன தப்பு?” என்றார் அத்தான். தேசிய கீதம் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அக்கா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

கேள்வி நியாயமானது. ஒன்றுக்கொன்று ஈடு செய்கிற திறமைகளைச் சேர்க்க வேண்டும் என்பதுதானே பாடம்? ஒரே திறமை இருவருக்கு இருந்தால் ஒருவரை மாற்றுவதுதானே முறை? என் பதில் இதுதான். லைன் அவுட்டில் ஏறுவதற்கு அந்த அணியில் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ப்ரோடி ரெட்டாலிக், சாம் ஒயிட்லாக், கீரன் ரீட். பாரெட் நான்காவது ஆள். மூன்று இருந்த இடத்தில் நான்காவது வந்தது. இரண்டு இருந்த இடத்தில் ஒன்று போனது. வந்த ஆளின் உயரத்தை எல்லோரும் பார்த்தார்கள். போன ஆளின் வேலை யார் தலையில் விழும் என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. அது சவேயாவின் தலையில் விழுந்தது.

முதல் நாற்பது நிமிடம்

ஆட்டம் தொடங்கி இரண்டு நிமிடம் ஆவதற்குள் மனு டுயிலாகி நியூசிலாந்துக் கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்துவிட்டார். இதற்குத்தான் ட்ரை என்று பெயர். இங்கிலாந்து ஃப்ளாங்கர்கள் இருவர், டாம் கரி, சாம் அண்டர்ஹில். இரண்டு பேருக்குமே அப்போது இருபத்துச் சொச்சம் வயதுதான். இருவருமே பழக்கத்தால் தரையில் பந்து பறிக்கிற ஏழாம் நம்பர்க்காரர்கள். அதாவது நியூசிலாந்து எந்த ஏற்பாட்டைக் கலைத்ததோ, அதே ஏற்பாட்டோடு இங்கிலாந்து வந்திருந்தது. போதாததற்கு லாக்கான இட்டோஜேயும் தரையில் பந்து பறிப்பவர். அன்றைக்கு ஆட்ட நாயகன் அவர்தான்.

அந்த முதல் பாதியைப் பிற்பாடு பல தடவை பார்த்திருக்கிறேன். பந்தைப் பார்க்காமல் சவேயாவை மட்டும் பார்த்தேன். செய்து பாருங்கள், ஆட்டமே வேறாகத் தெரியும். அவர் ஒருவரை மடக்கி விழுகிறார். அவர் எழுந்து முழங்காலைத் தரையிலிருந்து எடுப்பதற்குள் பந்து இரண்டு கை மாறிப் போய்விடுகிறது. அடுத்த மோதல் நடக்கிற இடத்தில் கேன் இருந்திருக்க வேண்டும், இல்லை. பாரெட் வருகிறார், உண்மையாகவே வருகிறார், சோம்பல் இல்லை. ஆனால் இரண்டு மீட்டரை ஒட்டிய உடம்பு குனிந்து பந்துக்குப் போவதற்குள் இங்கிலாந்துக்காரர்கள் அரணைக் கட்டிவிடுகிறார்கள். அரை நொடி தாமதம்தான். அந்த அரை நொடியில் இங்கிலாந்துக்கு வேகமான பந்து கிடைத்துக்கொண்டே இருக்கிறது. வேகமான பந்து கிடைத்தால் இங்கிலாந்தின் ஆட்டத்தை நடத்துகிற ஃபோர்டும் ஃபேரலும் என்ன செய்வார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இடைவேளையில் 10-0.

இடைவேளை முடிந்து அணிகள் திரும்பி வந்தபோது பாரெட் இல்லை. சாம் கேன் இருந்தார். காயம் எதுவும் கிடையாது. உலகக் கோப்பை அரையிறுதியில், பாதி ஆட்டத்தில், பயிற்சியாளர் தன் தேர்வைத் தானே திரும்ப எடுத்துக்கொண்டார். எனக்கு அந்தக் கணம் ரொம்பப் பெரியது. ஹான்சன் சாதாரண ஆள் இல்லை. 2015ல் கோப்பை வென்ற அணியின் பயிற்சியாளர். 2007 காலிறுதியில் பிரான்சிடம் தோற்ற பிறகு உலகக் கோப்பையில் தோல்வியே பார்க்காத அணி அது. அப்படிப்பட்டவருக்கும் அறையில் உட்கார்ந்து தாளில் போட்டபோது தெரியாத ஒன்று, களத்தில் 40 நிமிடம் ஓடிய பிறகு தெரிந்திருக்கிறது. தாளில் ஆளின் திறமை தெரியும். அவன் இல்லாத இடம் தெரியாது.

ஆட்டம் 19-7 என்று முடிந்தது. இங்கே அத்தானின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், அதில் சத்து இருக்கிறது. நியூசிலாந்து எடுத்த ஒரே ட்ரை எப்படி வந்தது? இங்கிலாந்து தன் கோட்டுக்குப் பக்கத்தில் வீசிய லைன் அவுட் பந்து எல்லோர் தலைக்கும் மேலே போய் சவேயா கைக்கு வந்தது. கேன் இறங்கிய பிறகும் நியூசிலாந்தால் எழ முடியவில்லை. “அன்னைக்கி இங்கிலாந்து ஆடுன ஆட்டத்துக்கு எவன இறக்கிருந்தாலும் தோத்திருப்பாம்லா. ஒரு சட்டைய மட்டும் பிடிச்சுத் தொங்காத” என்பார் அத்தான். தோற்றிருக்கலாம். நான் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. அந்தத் தேர்வு எந்தக் கேள்வியைக் கேட்காமல் நடந்தது என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

ரிச்சி மெக்கா பக்கத்தில் யார் நின்றார்

நியூசிலாந்தின் பழைய அணித் தலைவர், ஏழாம் நம்பர்க்காரர் ரிச்சி மெக்காவைத் தெரியாத ரக்பி ரசிகர் இல்லை. தரையில் பந்து பறிப்பதில் அவர் பெயர் சொல்லாமல் பேச்சு நகராது. ஆனால் அவருடைய ஒரு பக்கம் ஜெரோம் கைனோவும் இன்னொரு பக்கம் கீரன் ரீடும் நின்றார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு. கைனோ ஆளை அடித்து நிறுத்துவார். நிறுத்தப்பட்ட ஆளின் மேல்தான் மெக்கா குனிவார். ரீட் லைன் அவுட்டில் ஏறுவார், ஓரத்தில் பந்தை வாங்கி ஓடுவார். அதனால் மெக்கா ஏறவும் வேண்டாம், ஓரத்துக்கு ஓடவும் வேண்டாம். அவருடைய மேதைமைக்கு மற்ற இருவரும் நேரம் சம்பாதித்துக் கொடுத்தார்கள். 2015 இறுதியில் இந்த மூவரும் எதிர்கொண்டது ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஹூப்பர், டேவிட் போகாக் ஜோடியை. இருவரும் அசல் ஏழாம் நம்பர்க்காரர்கள். போகாக்கை எட்டாம் இடத்தில் ஆட வைத்து, ஸ்காட் ஃபார்டியை ஆறில் நிறுத்தினார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் சிட்னியில் இந்த ஜோடி நியூசிலாந்தை 27-19 என்று மடக்கியிருந்தது. ட்விக்கன்ஹாமில் நடந்த இறுதியில் நியூசிலாந்து 34-17 என்று வென்றது.

இதைச் சொன்னதும், “பாத்தியா, ரெண்டு ஏழாம் நம்பர் இறக்குனா தோக்கத்தான் செய்யும்” என்று அத்தான் பிடித்துக்கொள்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே மாதிரி இரண்டு பேரை இறக்குவது தப்பு என்று பொதுவாக விதி போட முடியாது. போகாக் எட்டில் வந்தால் லைன் அவுட்டில் ஒரு ஆள் குறைவார். அந்தக் குறையை யார் சுமப்பது என்று முதலிலேயே பேசி, ஃபார்டி தலையில் வைத்தார்கள். ஃபார்டி அந்தப் போட்டித் தொடர் முழுக்க ஏறினார், மோதினார், பந்துக்குக் குனிந்த எதிராளிகளைத் தள்ளி அகற்றினார். அவர் பெயர் எங்கே ஞாபகம் இருக்கிறது? ஹூப்பரும் போகாக்கும்தான் ஞாபகம் இருக்கிறார்கள். என் கணக்கில் அந்த ஏற்பாடு வெற்றிகரமானது. இறுதி வரை வந்ததே அதனால்தான்.

அதே 2015ல் போட்டியை நடத்திய இங்கிலாந்து குழு ஆட்டத்திலேயே வெளியேறியது. வேல்ஸிடம் 28-25, ஆஸ்திரேலியாவிடம் 33-13. அணித் தலைவர் கிறிஸ் ராப்ஷா உழைப்பாளி, நாணயமான ஆட்டக்காரர். ஆறாம் இடத்துக்குப் பொருத்தமானவரை ஏழில் ஆட வைத்தார்கள் என்பது அப்போதே எழுந்த விமர்சனம். தரையில் பந்து பறிப்பதில் பேர் எடுத்த ஸ்டெஃபன் ஆர்மிடேஜ் பிரான்சில் ஆடிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் ஆடுகிறவர்களை எடுப்பதில்லை என்ற கொள்கையால் அவரை அழைக்கவில்லை. போகாக் மாதிரி ஒருவர் எதிரில் இருக்கும்போது, அவரோடு குனிந்து சண்டை போட அந்த அணியில் ஆள் இல்லை.

ஒரு வாரம் கழித்து

2019க்குத் திரும்பி வருகிறேன். நவம்பர் 2, அதே யோகோஹாமா, இறுதி ஆட்டம். நியூசிலாந்தைத் திணறடித்த அதே கரி, அண்டர்ஹில், பில்லி வுனிப்போலா மூவரோடு இங்கிலாந்து வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. எங்கள் வீட்டில் எல்லோரும் இங்கிலாந்துக்குத்தான் கோப்பை என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாவது நிமிடம் இங்கிலாந்தின் மூன்றாம் நம்பர் ப்ராப் கைல் சிங்க்ளர் தன் அணிக்காரரோடேயே மோதித் தலையில் அடிபட்டு வெளியே போனார். டான் கோல் வந்தார். அனுபவசாலிதான், ஆனால் கடைசி 25, 30 நிமிடத்துக்கென்று வைத்திருந்த ஆள். எதிரில் டெண்டாய் முட்டவாரிரா. மூன்றாம் நம்பர் ப்ராப்பின் தலை எதிரணியின் இரண்டு பேருக்கு நடுவில் போய் மாட்டும், இரண்டு தோளிலும் அழுத்தம் வரும். ஸ்க்ரம்மில் அதைவிடக் கஷ்டமான இடம் கிடையாது. கோல் திரும்பத் திரும்ப அமுங்கினார். பெனால்டி மேல் பெனால்டி. தென்னாப்பிரிக்காவின் ஹாண்ட்ரே பொல்லார்டு உதைத்து உதைத்தே 22 புள்ளி எடுத்தார். 32-12.

கரியும் அண்டர்ஹில்லும் ஒரு வாரத்தில் மறந்துபோய்விட்டார்களா என்ன? முன்வரிசை பின்னால் நகர்ந்தால் பின்னால் நிற்கிற மூவருக்கும் காலூன்ற நிலம் இல்லை. பந்து பறிக்கக் குனிய வேண்டியவர்கள் ஸ்க்ரம்மைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். தென்னாப்பிரிக்காவும் அன்று அடி வாங்காமல் இல்லை. ஹூக்கர் போங்கி ம்போனாம்பியும் லாக் லூட் டி ஜாகரும் முதல் 25 நிமிடத்துக்குள்ளேயே வெளியேறினார்கள். ஆனால் அவர்கள் எட்டு மாற்று ஆட்டக்காரர்களில் ஆறு பேரை ஃபார்வர்டுகளாகவே வைத்திருந்தார்கள். வந்தவர்கள் போனவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. மால்கம் மார்க்ஸ் மாதிரி ஒரு ஹூக்கர் மாற்று ஆளாக வருகிற அணியை என்ன செய்வது? ஈடு செய்கிற திறமையைத் தேடுவது ஆறு, ஏழு, எட்டோடு நிற்கிற வேலை இல்லை என்பது அந்த இறுதி ஆட்டத்தைப் பார்த்தால் புரியும். பின்னால் மூன்று பேர் எவ்வளவு பொருந்தினாலும், முன்னால் ஒரு தோள் சரிந்தால் எல்லாம் சரியும்.

நம்ம பக்கத்துக் கதை

சரி, ஊருக்கு வருகிறேன். இந்த வட்டாரத்தில் கபடி எவ்வளவு ஊறியது என்று சொல்லத் தேவையில்லை. கோவில் கொடைக்கும் பொங்கலுக்கும் மின்னொளிப் போட்டி நடக்காத ஊர் குறைவு. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடிய மணத்தி கணேசன் தாமிரபரணிக் கரைக்காரர். அப்படிப்பட்ட மண்ணிலும் தேர்வு என்று வந்தால் பாடிப்போகிறவன் கண்ணுக்குத் தெரிகிறான், பக்கத்தில் நிற்பவன் தெரிவதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வலது கவரில், அதாவது வலது மூலைக்கும் நடுவுக்கும் இடையில், நிற்பான். தேரிமணலில் ஆடிப் பழகியவன். பெரிய உடம்பு இல்லை. அவன் ஆட்டத்தைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். பாடி வருகிற ரைடர் மூலைப் பக்கம் இறங்கும்போது, மூலைக்காரன் கணுக்காலுக்குப் பாய்வான், அதை எல்லோரும் பார்ப்பார்கள். அவன் பாய்வதற்கு ஒரு கணம் முன்னால் இந்தப் பையன் தன் இடது பாதத்தை அரை அடி பின்னால் வைப்பான். ரைடர் அந்த இடைவெளியைப் பார்த்து உள்ளே வருவான். வந்ததும் மூலைக்காரன் காலைப் பிடிப்பான், இவன் அதே பாதத்தை ஊன்றி இடுப்பில் அடைப்பான். இடைவெளி தானாக உண்டானது இல்லை, இவன் உண்டாக்கியது. பிடி மூலைக்காரன் கணக்கில் ஏறும். இவன் பெயருக்கு எதிரில் பூஜ்யம்தான் இருக்கும்.

ஒரு இளையோர் தேர்வு நடந்தது. எங்கே, யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். பையன்களை வந்த வரிசைப்படி ஏழு ஏழாகப் பிரித்து ஆடவிட்டார்கள். அந்தப் பையன் பக்கத்தில் அவனுக்கு முன்பின் தெரியாத மூலைக்காரன். இவன் காலைப் பின்னால் வைக்கிறான், அவன் பாயவில்லை. ரைடர் தொட்டுவிட்டுப் போகிறான். இரண்டாவது தடவையும் அப்படியே. பார்க்கிறவர்களுக்கு இவன் பயந்து பின்வாங்குகிற மாதிரித்தான் தெரியும். அவனை விட்டுவிட்டார்கள். அவனுடைய வழக்கமான மூலைக்காரன் வேறு குழுவில் ஆடினான், நன்றாகவே பாய்ந்தான், ஆனால் பக்கத்தில் அடைக்க ஆள் இல்லாமல் இரண்டு பிடி நழுவியது. அவனையும் விட்டுவிட்டார்கள். சேர்ந்து நின்றிருந்தால் இரண்டு பேரும் தேறியிருப்பார்கள். தனித்தனியாக நின்றதால் இரண்டு பேரும் போனார்கள். தேர்வான அணியில் ரைடர்கள் அதிகம். அடுத்த கட்டப் போட்டியில் எதிரணி ரைடர்களை நிறுத்த ஆள் இல்லாமல் அந்த அணி திரும்பி வந்தது.

எனக்கு இதில் கோபம் உண்டு. தேர்வாளர்கள் கெட்டவர்கள் என்பதால் இல்லை. அவர்களில் ஒருவர் எனக்கே ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். “அண்ணாச்சி, அந்தப் பையன் கால நீங்க பாக்கலியா?” என்று கேட்டேன். “எலே, அம்பது பேரு வந்திருக்கான். ஒவ்வொருத்தன் காலையும் குனிஞ்சு பாத்துக்கிட்டா இருக்க முடியும்? புள்ளி எடுத்தவன எடுத்தோம்” என்றார். அவர் பக்க நியாயமும் புரிகிறது. புள்ளியை எண்ணிக் காட்டலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. பாதத்தை எப்படி எண்ணிக் காட்டுவது? சிபாரிசும் சந்தேகமும் நிறைந்த இடத்தில் எண்ணிக்கைதான் நேர்மையான ஆளுக்குப் பாதுகாப்பு. ஆனால் அந்தப் பாதுகாப்புக்கு விலை கொடுத்தது அந்த இரண்டு பையன்கள்.

தேசிய அளவிலும் இதைப் பார்த்தாயிற்று. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுக்குப் போன இந்தியக் கபடி அணியில் அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சவுத்ரி, ரிஷாங்க் தேவடிகா, மோனு கோயத், ரோஹித் குமார் என்று ரைடர்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவரும் தனியாக ஒரு அணியைத் தூக்கி நிறுத்தக்கூடியவர். அரையிறுதியில் ஈரான் 27-18 என்று வென்றது. 1990ல் கபடி ஆசிய விளையாட்டில் சேர்ந்ததிலிருந்து ஆண்கள் அணி தங்கம் இல்லாமல் திரும்பியது அதுவே முதல் முறை. ஈரான் பக்கம் ஃபசல் அட்ராச்சலியும் அபோசர் மிகானியும் இருந்தார்கள். முந்தைய வருஷம்தான் புரோ கபடியில் குஜராத் அணிக்கு இரண்டு மூலையிலும் சேர்ந்து நின்றவர்கள். நம் லீகில் பழகிய ஜோடி அது.

இரண்டு வேலை தெரிந்த ஒருவர்

ஈடு செய்வது எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில்தான் நடக்க வேண்டும் என்றும் இல்லை. 2023 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்கா ஒரு விபரீதமான காரியம் செய்தது. மால்கம் மார்க்ஸ் பயிற்சியில் காயமாகி விலகியதும், அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரைக் கூப்பிடாமல் பொல்லார்டைக் கூப்பிட்டார்கள். கையில் மிச்சம் இருந்த முழு நேர ஹூக்கர் ம்போனாம்பி ஒருவர்தான். பாரிஸ் இறுதி ஆட்டத்துக்கு எட்டு மாற்று ஆட்களில் ஏழு பேரை ஃபார்வர்டுகளாக வைத்தார்கள். மூன்று நிமிடம் கூட ஆகியிருக்காது, ம்போனாம்பி முழங்காலில் அடிபட்டு வெளியே போனார். வந்தவர் டியோன் ஃபூரி, வயது 37. இளமையில் ஹூக்கராக இருந்து பிறகு ஃப்ளாங்கராக மாறியவர். தன் நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடியதே 35 வயதில். கிட்டத்தட்ட முழு ஆட்டத்தையும் அவர் ஹூக்கராக ஆடினார். லைன் அவுட்டில் பந்து வீசுவது ஹூக்கர் வேலை. அவர் வீசிய பந்துகள் சில தவறின. அந்தக் குறை தெரிந்தேதான் அவரை வைத்திருந்தார்கள். அதற்கு ஈடாக, தரையில் ஒரு ஃப்ளாங்கர் செய்கிற வேலையைச் செய்ய ஒரு ஆள் கூடுதலாகக் கிடைத்தார். பக்கத்தில் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் 28 டேக்கிள் செய்தார். நியூசிலாந்தின் சாம் கேன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஆட்டம் 12-11 என்று முடிந்தது. 2019ல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே கேன்தான், 2023ல் அணித் தலைவர்.

ஒரு புள்ளியில் வென்றதை வைத்து இந்தத் தேர்வைச் சரி என்று சொல்ல மாட்டேன். அந்த லைன் அவுட்டுகள் தவறியபோது நெஞ்சு படபடத்தது நிஜம். ஆனால் அவர்கள் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். இவர் வந்தால் என்ன கிடைக்கும் என்பதோடு நிறுத்தாமல், என்ன போகும், போனதை யார் சுமப்பார் என்பது வரை போயிருந்தார்கள். பாரெட்டுக்குச் சட்டை கொடுத்த அன்று அந்த இரண்டாவது பாதி கேட்கப்படவில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அத்தான் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த இளையோர் தேர்வுக்கு என்னையும் உதவிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். முதலாவது, பையன்களைத் தனித்தனியாகக் கலைக்காமல், முதல் சுற்றில் மூலையும் கவரும் பழகிய ஜோடியாகவே ஆட வேண்டும். அப்புறம் கலைத்துப் பார்க்கட்டும், யார் யாரோடு பொருந்துகிறான் என்பது அதிலும் தெரியும். இரண்டாவது, புள்ளி எழுதுகிற மேஜையைத் தவிர இன்னொரு ஆள் வேண்டும். அவர் புள்ளியே எழுதக்கூடாது. பிடி விழுந்தபோது பக்கத்தில் நின்றவன் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுத வேண்டும். அண்ணாச்சி முதல் விஷயத்துக்குச் சரி என்றார். இரண்டாவதற்கு ஆள் கிடைக்காது என்றார். நானே உட்காருகிறேன் என்று சொன்னேன். ஆனால் மேஜைப் பக்கம் நாற்காலி போட வேண்டாம், பின்கோட்டுக்கு வெளியே தரையில் இடம் கொடுங்கள், அங்கிருந்து பார்த்தால்தான் கவரின் பாதம் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறேன்.